பின் சீட்டுக்காக ஒரு ட்ரெயிலர்

அம்மா காரின் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடி மடுவுக்கு வர வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நானும் தம்பியும் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் ட்ரெயிலர் ஒன்று கட்டினோம். இது ஏதோ தன் சிறுவயதுக் கனவு என்பதுபோலத் தம்பி இப்போது தன் நண்பர்களிடம் கதைக்கிறான். அவன் அப்படித்தான். அவனுக்கு எதையும் கனவு என்று சொன்னால்தான் திருப்தி.

ஆகஸ்ட் வந்தால் கொட்டாஞ்சேனையில் எங்கள் சின்னத் தெரு, இந்த ஒழுங்கையே, பாதி காலியாகிவிடும். எல்லாரும் மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய் மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழும்பிவிட்டுத்தான் வருவார்கள். அதற்குப் பாதி வீட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாய், தலையணை, சட்டி பானை, தண்ணீர்க் கான், அரிசி, கேஸ் அடுப்பு, மழை வந்தால் போட தார்ப்பாய். கல்யாணம் கட்டி வந்த காலம் தொட்டு, சண்டையால் பாதை மூடிக் கிடந்த வருஷங்களைத் தவிர, அம்மா போகாமல் இருந்ததில்லை.

பிறகு அவர் குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். வீட்டுக்குள் வோக்கரைப் பிடித்து நடப்பார், அவ்வளவுதான். காரில் போவதென்றால் அந்தக் காலை மடிக்காமல் நீட்டி வைக்க வேண்டும். எங்களுடையது சின்னக் கார். பின் சீட்டு முழுவதும் அம்மாவுக்கு என்றால் சாமான் எங்கே போவது? போன வருஷம் அதற்கு நாங்கள் கண்ட பதில், அம்மா வீட்டில் நிற்பது. தம்பியின் மனைவி வெள்ளவத்தையிலிருந்து வந்து துணைக்கு நின்றாள். நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. "மண் கொண்டு வந்தனியா?" என்று மட்டும் கேட்டார். மடுக் கோயிலடி மண்ணைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவது எங்கள் வழக்கம். கொடுத்தேன். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தார். நான் குசினிக்குள் போய் அழுதேன். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

இந்த வருஷம் அவரை விட்டுவிட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். பஸ் அவருக்குச் சரிவராது. திருநாள் வாரத்தில் வேன்காரர்கள் சொல்லும் வாடகையைக் கேட்டால் மாதாவே பஸ்ஸில் போவார். தம்பிதான் ட்ரெயிலர் என்றான். எங்கேயோ வெளிநாட்டில் ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் ட்ரெயிலர் கட்டும் வீடியோவை போனில் காட்டினான். அந்த ஆள் கடைக்குப் போகிறான், ட்ரெயிலருக்கென்றே செய்த ஆக்ஸில், சில்லு மாட்டும் ஹப், சில்லு எல்லாம் பெட்டியில் போட்டுத் தருகிறார்கள், சிரித்துக்கொண்டே முடுக்குகிறான். எங்கள் ஊரில் அப்படி இல்லை. ஒரு வண்டி செத்தால்தான் அதன் எலும்பில் இன்னொன்று பிறக்கும்.

நான் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். எந்தச் சாமானைப் பார்த்தாலும் முதலில் அதன் எடைதான் எனக்குத் தோன்றும். ஆகவே குளியலறைத் தராசை முன் விறாந்தையில் வைத்து, மடுவுக்குக் கொண்டு போகும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன். முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் உள்ளே வந்தது. அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் நிறுக்கப் போறியோ?" என்றார்.

"நீங்க சாமான் இல்ல. நீங்க சீட்டுல வாறீங்க."

"பாப்பம்," என்றார். அந்த 'பாப்பம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மாளிகாவத்தையில் தொடர்மாடிகளுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வெல்டர் இருக்கிறார். கேட், ஜன்னல் கம்பி, பழம் விற்கும் தள்ளுவண்டி எல்லாம் செய்வார். நாங்கள் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ட்ரெயிலருக்கு இரும்புச் சட்டம் அடித்துத் தரச் சொல்லி அவரிடம் போனோம். தம்பி தன் வீடியோவைக் காட்டினான். நானா மரியாதைக்காக முழுவதையும் பார்த்தார்.

"நல்லாத்தான் ஈக்குது. ஆனா மொதல்ல ஆக்ஸில கொண்டாங்க. அது என்னா அகலமோ அதுக்குத்தான் நான் சட்டம் அடிக்கலாம். சப்பாத்த வாங்கிட்டுக் கால் தேடுறதா?"

அந்தச் சனிக்கிழமையே பஞ்சிகாவத்தைக்குப் போனோம். கழற்றிய வாகனச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். எஞ்சின்கள் ஒரு கடையில், கதவுகள் ஒரு கடையில், கண்ணாடிகள் ஒரு கடையில் என்று தொங்கும். போகும்போது எங்கள் காரின் ஸ்பேர் சில்லையும் கழற்றிக் கையோடு கொண்டுபோகச் சொன்னேன். ட்ரெயிலரின் ஹப்பில் எங்கள் காரின் சில்லு ஏற வேண்டும் என்பது என் ஒரே பிடிவாதம். அப்படியென்றால் ஒரு ஸ்பேர் இரண்டுக்கும் உதவும். இல்லாவிட்டால் இரண்டு ஸ்பேர் சுமக்க வேண்டும், அல்லது நடு ரோட்டில் நிற்க வேண்டும். தம்பி அந்தச் சில்லை ரோட்டோரம் உருட்டிக்கொண்டு வந்தான். மாப்பிள்ளையையே கையோடு கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் பெண் பார்க்கப் போவதுபோல எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வந்தான்.

அவனுடைய விருப்பம் த்ரீவீலின் பின்பக்க ஹப்பும் சின்னச் சில்லும். முதல் கடையிலேயே அதைக் கண்டுவிட்டு நின்றுவிட்டான்.

"அக்கா, இது பாரம் இல்ல. ட்ரெயிலர் நிலத்தோட பதிவா இருக்கும், சாமான் ஏத்த லேசு. டயரும் எந்தச் சந்தியிலயும் கிடைக்கும்."

அவன் சொன்னது அவ்வளவும் சரி. ஆனால் சின்னச் சில்லு, அதே தூரத்துக்கு எத்தனையோ சுற்று அதிகம் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற உள்ளே பெயாரிங் சூடாகும். இங்கிருந்து மடு வரைக்கும் வெயிலில் ஒரு பகல் ஓட்டம். பெரிய சில்லு ஏறிக் கடக்கிற குழிக்குள் சின்னச் சில்லு இறங்கிவிடும். இதையெல்லாம் சொன்னேன்.

"த்ரீவீல் யாழ்ப்பாணம் வரைக்கும் போகுதுதானே?"

"போகும். போறவன்ட முதுகெலும்ப வழியில விட்டுட்டுப் போகும்."

கடைக்காரன் சிங்களவன், முப்பது வயது இருக்கும். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னான். ஆக்ஸில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று நான் கேட்டால் "மஹத்தயா" என்று, ஐயா என்று, அவனிடம் தொடங்குவான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இரண்டு முறை பொறுத்தேன். மூன்றாவது முறை, "மல்லி, மட்ட கியன்ன," என்றேன். தம்பி, எனக்குச் சொல்லு என்று அர்த்தம். "காரை ஓட்டப்போகிறவள் நான்," என்பதையும் சிங்களத்திலேயே சேர்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் 'மிஸ்' ஆனேன். விலை மட்டும் குறையவில்லை.

அடுத்து ஒரு வேனின் பின் ஆக்ஸிலைக் காட்டினான். நடுவில் பானை போலக் கியர்ப் பெட்டி, இரண்டு பக்கமும் தடித்த ஸ்பிரிங் பட்டைகள். யானையைக்கூட ஏற்றலாம் என்றான். அதுதான் பிரச்சினை. அந்த இரும்பின் எடையே எங்கள் கார் இழுக்கக்கூடிய பாரத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடும். மேலே ஏற்றும் சாமான் போதாவிட்டால் அந்த ஸ்பிரிங் வளையவும் மாட்டாது. குழிக்குக் குழி ட்ரெயிலர் துள்ளும். வேண்டாம் என்றேன்.

எங்களுக்கு வேண்டியது முன் சில்லு இழுக்கும் சின்னக் காரின் பின் ஆக்ஸில். அது வெறும் இரும்புக் குழாய்தான். சுழற்றுகிற வேலை அதற்கு இல்லை, தாங்குகிற வேலை மட்டும். இரண்டு முனையிலும் ஹப், ஹப்பில் நாலு போல்ட். அப்படி ஒன்றை நாலாவது கடையிலோ ஐந்தாவது கடையிலோ கண்டோம். தம்பி எங்கள் சில்லைத் தூக்கி ஹப்பில் வைத்தான். மூன்று போல்ட் உள்ளே போனது. நாலாவது ஒரு மயிரிழைக்கு மறுத்தது.

"தட்டு கலாம யனவா," என்றார் கடைக்காரர், சுத்தியலை எடுத்துக்கொண்டே. தட்டினால் உள்ளே போய்விடுமாம்.

அந்தச் சுத்தியலைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது. நாலு போல்ட்டும் தானாக உட்காராத சில்லு சரியாக நடுவில் நிற்காது. ஓடும்போது நடுங்கும், நட்டுகள் மெல்ல மெல்லக் கழலும், ஒரு நாள் சில்லு நம்மை முந்திக்கொண்டு தனியாக ஓடும். நாலு போல்ட் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்களால்தான் ரோட்டோரம் அவ்வளவு வாகனங்கள் நிற்கின்றன. "எங்கட அம்மா பின்னால இருக்கப் போறா," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த மனிதருக்கு விளங்கியிருக்காது. தம்பி மறுபடியும் சில்லை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

கடைசியில் ஒரு சந்தின் முடிவில், கழற்றிய சீட்டுக் குவியலுக்குக் கீழே கிடந்தது எங்கள் ஆக்ஸில். துருப்பிடித்திருந்தது, ஆனால் வளையவில்லை. நூல் பிடித்துப் பார்த்தோம். தம்பி சில்லை வைத்ததும் நாலு போல்ட்டும் ஒரே தரத்தில் உள்ளே போய் இறங்கின. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது, ஆனால் இருவர் கையும் கிரீஸ்.

ஹப்பைக் கையால் சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே மணல் அரைபடுகிற மாதிரிச் சத்தம். பெயாரிங் இரண்டு பக்கமும் புதிதாகப் போட வேண்டும், தூசி போகாமல் தடுக்கும் ரப்பர் சீலும் புதிது வேண்டும் என்றேன்.

"சுத்துதுதானே அக்கா? ஏன் சும்மா மாத்துவான்?"

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுதானாம் என்றேன். அவன் பேர்ஸைத் திறந்தான்.

டயர் கடையிலும் ஒரு சண்டை. கறுப்புப் பூசிப் பளபளவென்று அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் தம்பி மயங்கிவிட்டான். பக்கச் சுவரில் அச்சடித்த எண்ணைத் தடவிப் பார்த்தேன். எந்த வருஷம் செய்தது என்று அதில் இருக்கும். அந்த டயர் தம்பிக்கு மீசை முளைத்த காலத்தைச் சேர்ந்தது. கறுப்பு மை பூசினால் எல்லாரும் இளமையாகத்தான் தெரிவார்கள், தம்பியின் தலையைப் போல. புதிய டயர் இரண்டு, காரின் டயர் அளவிலேயே, பக்கச் சுவரில் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண்ணையும் பார்த்து வாங்கினோம். அந்த எண்ணை நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

நானா ஒரு வாரத்தில் சட்டம் அடித்து, அதற்கு மெல்லிய ஸ்பிரிங் பட்டையும் பார்த்து வைத்தார். ஆக்ஸிலை எங்கே வைப்பது என்பதில் மறுபடியும் கதை எழும்பியது. சரி நடுவில் வைத்தால் பார்க்க வடிவாக இருக்கும் என்றான் தம்பி.

"நடுவுல வெச்சா வாலாட்டும்," என்றார் நானா.

எனக்கும் அதுதான் பட்டது. நடுவிலிருந்து ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தோம். அப்போதுதான் முன் பக்கம் கொஞ்சம் பாரமாகி, காரின் கொக்கியில் ட்ரெயிலர் அடங்கி உட்காரும். பதிவு செய்வதற்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்தது தம்பி. அதில் அவன் காட்டிய பொறுமையை மறைக்கக் கூடாது, நானாக இருந்தால் யாரையாவது கடித்திருப்பேன். எல்லாம் முடிந்ததும் மணல் மூட்டை ஏற்றி, கடற்கரை ரோட்டால் வெள்ளவத்தை வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். மூட்டைகளைப் பின்னால் போட்டபோது ட்ரெயிலர் வாலை ஆட்டியது. முன்னுக்கு நகர்த்தினதும் அடங்கியது. தம்பி வீட்டு வாசலில் இறங்கி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. வெதுவெதுப்புத்தான்.

நான் கணக்குப் போட மறந்தது ஒழுங்கையை.

ட்ரெயிலர் எங்கள் வாசலில் வந்து நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். திருநாளுக்குப் போகிற வாரம் அம்மா வழக்கம்போலப் பின்னேரங்களில் வாசல் கதிரையில் இருந்தார். நான் வேலைக்குப் போய்விடுவேன். பஸ்ஸில் போகிற சனங்கள் தங்கள் பாரச் சாமான்களைக் கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள். போக முடியாதவர்கள் தங்கள் நேர்த்திக்கடன் காணிக்கைகளைக் கொடுத்திருக்கிறார்கள். "ஒரு சின்னச் சாமான்தான் அன்ரி." சிறு துளி பெருவெள்ளம். மடுவுக்குப் போகிற சாமானை யாரும் வேண்டாம் என்று திருப்புவதில்லை. எங்கள் ஒழுங்கையில் அது பாவம் மாதிரி. அதுவும் அம்மா, வீட்டுக்கு வந்த பூனையையே திருப்பி அனுப்பத் தெரியாதவர்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானமே நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். பின் அறையைத் திறந்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை. இரண்டு பெரிய தார்ப்பாய்க் கூடாரம், அண்டா, பிளாஸ்டிக் கதிரைகள், அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகள், தேங்காய், எண்ணெய்க் கான், மாதாவுக்குச் சேலைகள். அடுத்த வீட்டு அக்கா தன் மகனின் உயரத்துக்கே வார்த்த மெழுகுதிரியைப் பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்திருந்தார். மகனுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்து பிழைத்ததற்கான நேர்த்தி.

நானும் தம்பியும் ஏற்றத் தொடங்கினோம். எங்கள் சாமானும் அவர்கள் சாமானும் முக்கால்வாசி ஏறியபோதே ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகிவிட்டன. டயர் பக்கவாட்டில் பிதுங்கியது. மனப்பாடம் செய்த எண் என் தலைக்குள் மணி அடித்தது. போதும், நிறுத்து என்றேன். தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தைப் பார்த்தான்.

"கொஞ்சத்தப் பின் சீட்டுல போட்டா..." என்று தொடங்கியவன், என் முகத்தைப் பார்த்து முடிக்கவில்லை.

அம்மா முடித்தார். "போடுங்க. நான் வீட்டுல நிக்கிறன். சாமான் போகட்டும்."

பஞ்சிகாவத்தை, மாளிகாவத்தை, பதிவு, பெயாரிங், இத்தனையும் யாருக்காக? "ஆரைக் கேட்டு இதெல்லாத்தையும் வாங்கி வச்சீங்க?" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினேன். "உங்கட இடத்துக்குத்தானே இந்த ட்ரெயிலர்? நீங்களே அதத் தூக்கிக் குடுக்கிறீங்க!"

அம்மா பதறவில்லை. வோக்கரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நான் போவன் எண்டு நான் நினைக்கவே இல்ல புள்ள. நீங்க ரெண்டு பேரும் ஓடித் திரியிறத பாத்து வேணாம் எண்டு சொல்ல மனம் வரல்ல. நடக்கேலாத நான் அங்க வந்து ஆருக்கும் பாரமா இருக்கோணுமோ? இந்தச் சனம் நம்பித் தந்தது போய்ச் சேரட்டும். எனக்கு மண் கொண்டு வந்தாச் சரி."

நான் வெளியே போய், முதலில் கையில் அகப்பட்டதைத் தூக்கினேன். எல்லார் வீட்டுக் கதவிலும் அவரவர் சாமானைப் போட்டுவிட்டு வருவதுதான் எண்ணம். கையில் அகப்பட்டது அந்த மெழுகுதிரி. போர்வைக்குள் ஒரு பையனின் நீளம். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடு ஒழுங்கையில் நின்றேன். அடுத்த வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. என்னால் போக முடியவில்லை. அம்மாவின் பிள்ளைதானே நானும்.

திரும்பி வந்து எங்களுடையதை இறக்கினேன். எங்கள் கூடாரம், எங்கள் சட்டி பானை, எங்கள் அரிசி, நான் ஒவ்வொன்றாக நிறுத்து வைத்த அத்தனையும். அந்த இடத்தில் ஊராரின் சாமான் ஏறியது. ஸ்பிரிங் கொஞ்சம் நிமிர்ந்தது, டயரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அக்கா, அப்ப நாங்க எங்க படுக்கிறது?" என்றான் தம்பி.

"மரத்துக்குக் கீழ. பின் சீட்டுல ஒரு தீப்பெட்டிகூட வைக்கக் கூடாது."

அம்மா வோக்கரைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போனார். சிறிது நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்ட நீலச் சேலை எங்க?"

விடியப் புறப்பட்டோம். அம்மா பின் சீட்டில், முதுகுக்கு இரண்டு தலையணை, கால் நீட்டி, கையில் செபமாலை. தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடமெல்லாம் நான் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன். புத்தளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ட்ரெயிலரின் இடது டயர் ஆணியில் ஏறிக் காற்றுப் போனது. தம்பி இறங்கி, காரின் ஸ்பேரை எடுத்து மாட்டினான். நாலு போல்ட்டும் சுத்தியல் இல்லாமல் உள்ளே போயின. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் மதவாச்சி வரும் வரைக்கும் பேசினேன்.

மடுவில் வாகனங்களை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தோம், நடக்கவில்லை. காரின் டிக்கியில் மடித்து வைத்திருந்த சக்கர நாற்காலியை விரித்து அம்மாவை இருத்தித் தள்ளினோம். முன்பக்கக் குட்டிச் சில்லுகள் இரண்டும் மணலுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டன. பத்தடி போவதற்குள் அம்மா முகம் வலியில் சுருங்கியது.

"விடு புள்ள. இங்க இருந்தே கும்பிடுறன். மாதாவுக்குக் கேக்கும்."

இவ்வளவு தூரம் வந்து, கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிய, மறுபடியும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

அதற்குள் பஸ்ஸில் வந்த ஒழுங்கைச் சனம் எங்களைக் கண்டுபிடித்து, அவரவர் சாமானை இறக்கிக்கொண்டிருந்தது. ட்ரெயிலர் காலியானதும் தம்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இறக்கிய பிளாஸ்டிக் கதிரையில் ஒன்றைத் திருப்பி ட்ரெயிலருக்குள் வைத்தான். சரியாக ஆக்ஸிலுக்கு மேலே வரும்படி நகர்த்தி, கயிறு போட்டுக் கட்டினான்.

"அக்கா, ஆக்ஸிலுக்கு மேல பாரம் இருந்தா இழுக்கிறவன்ட கைக்குத் தெரியாதுதானே?" என்றான்.

தெரியாதுதான். அதை நான் யோசிக்கவில்லை, அவன் யோசித்தான். நான் குந்தியிருந்து இரண்டு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டேன். பாரமில்லாத ட்ரெயிலர் துள்ளும், அம்மாவின் இடுப்புக்கு ஆகாது. காற்றுக் குறைந்த டயர் மணலிலும் புதையாது.

நாலு பேர் சேர்ந்து அம்மாவைத் தூக்கி இருத்தினார்கள். ஒரு தலையணையை மடித்து நீட்டிய காலுக்குக் கீழே வைத்தோம். தம்பி ட்ரெயிலரைக் காரின் கொக்கியிலிருந்து கழற்றி முன் கம்பியைப் பிடித்தான். அடுத்த வீட்டு அக்கா ஒரு பக்கம், அவருடைய மகன் மெழுகுதிரியோடு மறுபக்கம், பின்னால் ஒழுங்கையில் பாதி. ட்ரெயிலர் சத்தமில்லாமல் உருண்டது. புதுப் பெயாரிங், புதுக் கிரீஸ், ஒரு கையால் தள்ளினாலே போதும். சனம் விலகி வழி விட்டது. யாரோ முன்பின் தெரியாத ஒருவரும் வந்து கை கொடுத்தார்.

ஒரு வேரில் ஏறி இறங்கியபோது அம்மா சத்தம் போட்டார். "மெல்லத் தள்ளுங்கோ! நான் என்ன சாமானோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சில்லைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

கோயில் முன்னால் தம்பி கம்பியை மெல்ல நிலத்தில் இறக்கினான். ட்ரெயிலர் முன்பக்கமாகச் சாய, அடுத்த வீட்டு அக்காவும் நானும் அம்மாவை அணைத்து, சாய்ந்த தட்டின் ஓரத்தில் இருத்தினோம். அவர் கையை நீட்டினார். விரல் மண்ணைத் தொட்டது. ஒரு பிடி அள்ளி, சிறு கல்லையும் சருகையும் பொறுக்கி எறிந்துவிட்டுச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

"போன முறை நீ கொண்டு வந்தது முழுக்கக் கல்லு," என்றார். "மண் எண்டா பாத்து அள்ளோணும்."

ஓம் அம்மா என்றேன்.